கள்ளிக்குள் லீனா

ஹுல்டா காலிஷ் ஜெர்மனியின் பொமரேனியாவிலிருந்து கப்பலேறி ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்கு வந்தபோது அவளுக்கு இருபது வயது. அவளும் கணவன் ட்ரவ்கோட்டும் அங்கே யாரோ ஒரு பிரபுவின் உருளைக்கிழங்கு வயலில் முதுகொடிய உழைத்தவர்கள். இங்கே சின்சில்லாவுக்கு மேற்கே அரசாங்கம் அவர்களுக்கு நிலம் கொடுத்தது. ஒரே நிபந்தனை, அதில் முளைத்துக் கிடக்கும் சப்பாத்திக்கள்ளியை ஒழித்துக்கட்ட வேண்டும். ஒழித்தால் நிலம் சொந்தம். இல்லையென்றால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

“வெறும் செடிதானே ஹுல்டா. நாம ரெண்டு பேர் இருக்கோம்” என்றான் ட்ரவ்கோட், வண்டியிலிருந்து இறங்கியதும்.

ஆரம்பத்தில் அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அக்கம்பக்கத்துக்காரர்கள் வாரம் ஒருவர் நிலமென்று சேர்ந்து வெட்டிக் குவித்து எரித்தார்கள். ஹுல்டா எல்லோருக்கும் பன்றிக்கறியும் புளிக்க வைத்த முட்டைக்கோஸும் போடுவாள். பக்கத்து நிலத்துப் பிரிங்கிள் மூக்கைப் பிடித்துக்கொள்வான்.

“இந்த நாத்தத்த எப்படித்தான் திங்கிறீங்களோ, மிஸ்ஸிஸ் காலிஷ்!” என்பான். சொல்லிக்கொண்டே தட்டை இரண்டாம் முறை நீட்டுவான்.

இரண்டு குழந்தைகள். மூத்தவன் ரைன்ஹோல்ட், இளையவள் லீனா. லீனாவுக்கு ஆறு வயதானபோது தொண்டை அடைப்பான் வந்தது. ஓடையில் வெள்ளம். வைத்தியரிடம் போக வண்டி கடக்க முடியவில்லை. மூச்சு அடங்கும்வரை ஹுல்டா அவளை மடியில் நிமிர்த்தியே வைத்திருந்தாள். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மேடான இடத்தில் புதைத்தார்கள். ட்ரவ்கோட் மரச் சிலுவை நட்டு, கன்றுகள் மிதிக்காமலிருக்கச் சுற்றிலும் வேலி அடித்தான்.

பிறகு சண்டை வந்தது. ஜெர்மனியோடு சண்டை என்றதும் காலிஷ் குடும்பத்துக்கு வெட்ட யாரும் வரவில்லை. ஹுல்டா கடைக்கு மாவு வாங்கப் போனவள், அங்கே நின்ற பிரிங்கிளிடம் வாய்விட்டே கேட்டாள்.

“இந்த வாரம் எங்க முறை, மிஸ்டர் பிரிங்கிள். வருவீங்கல்ல?”

“உங்க ஜெர்மன் ராஜா கெய்சரக் கூப்பிட்டு வெட்டச் சொல்லு” என்றான் அவன். கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

“பதினஞ்சு வருஷமா என் கையால சாப்பிட்டவன்தானே நீ?”

“அதுக்கு இப்ப என்ன? வாந்தி எடுக்கணுமா?”

அவள் மாவை வாங்காமலே திரும்பினாள்.

மனிதர்கள் விலகிய இடத்தில் கள்ளி வந்தது. வெட்டிப் போட்ட துண்டெல்லாம் மழையில் வேர் பிடித்தது. காக்கைகள் பழத்தைத் தின்று விதையை எங்கெங்கோ போட்டன. தனியாளாக வெட்டி மாளாமல் ட்ரவ்கோட் ஆர்சனிக் விஷம் வாங்கி அடிக்க ஆரம்பித்தான். கையெல்லாம் புண். சாப்பிட்டது வயிற்றில் தங்கவில்லை. விட்டுவிடச் சொல்லி ஹுல்டா கெஞ்சினாள்.

“விட்டா எங்க போறது? திரும்பக் கப்பலேறச் சொல்றியா?” என்றான். சண்டை முடிந்த அடுத்த வருடம் அவன் எலும்பும் தோலுமாகச் சின்சில்லா ஆஸ்பத்திரியில் செத்தான். அங்கேயே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

தாயும் மகனும் ஐந்து வருடம் தாக்குப்பிடித்தார்கள். கள்ளி ஆள் உயரம் தாண்டியது. மாடுகள் முள் குத்தி வாய் புண்ணாகிச் செத்தன. லீனாவின் வேலி முதலில் மறைந்தது. கொஞ்ச காலம் சிலுவையின் நுனி தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

அரசாங்கத்து ஆள் குதிரையில் வந்தான். இறங்காமலே பேசினான்.

“இந்த மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்கம்மா. நான் ஒண்ணும் செய்றதுக்கில்ல.”

“என் பொண்ணு உள்ள இருக்கா” என்றாள் ஹுல்டா. அவன் வீட்டைப் பார்த்தான். அவள் பின்பக்கம் கைகாட்டினாள்.

பிள்ளையின் எலும்பையாவது எடுத்துக்கொண்டு போகலாம் என்று இருவரும் கோடாலியோடு இறங்கினார்கள். வெட்ட வெட்ட மேலிருந்து சரிந்து விழுந்தது. ஹுல்டாவின் முகத்திலும் கழுத்திலும் முள். வெட்டியதை வெளியே இழுத்துப் போடவே பாதி நாள் போனது. கடைசியில் ரைன்ஹோல்டின் இமைக்குள் முள் ஏறி, கண் வீங்கி மூடிக்கொண்டது.

“போதும்மா. நிறுத்தும்மா” என்று அழுதான். “எந்தப் பக்கம் வெட்டறோம்னே எனக்குத் தெரியல.”

அவளுக்கும் தெரியவில்லை. கோடாலியை அங்கேயே போட்டுவிட்டு மகனை வண்டியில் ஏற்றி வைத்தியரிடம் கொண்டுபோனாள். கண் பிழைத்தது. அதற்குள் கெடு முடிந்து, திரும்பிவர நாள் இல்லாமல் போயிற்று.

டால்பி என்ற ஊரில் ஒரு ஓட்டலின் துணிகளைத் துவைத்துக் காலம் தள்ளினாள். அடுத்த ஓரிரு வருடங்களில் அரசாங்க ஆட்கள் வெளிநாட்டு அந்துப்பூச்சியின் முட்டைகளைக் காகிதத்தில் ஒட்டி வந்து கள்ளியில் குத்திவிட்டுப் போனார்கள். புழுக்கள் உள்ளே புகுந்து தின்றன. மலைபோல் நின்றதெல்லாம் அழுகிச் சரிந்தது. நாற்றம் பல மைல் அடித்ததாம். ஓட்டலில் எல்லோரும் குடித்துக் கொண்டாடினார்கள். ஹுல்டா துவைக்கும் தொட்டியருகே உட்கார்ந்து, வயிற்றில் கைவைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். ட்ரவ்கோட்டைக் கொன்ற வேலையைப் புழு செய்து முடித்துவிட்டது.

அவள் மகனோடு பழைய இடத்துக்குப் போனபோது நிலம் டக்கெட் என்பவனுடையதாக இருந்தது. வீட்டைப் பிரித்து மரத்தைக் கொண்டு மாட்டுக்கொட்டகை கட்டியிருந்தான். செத்த கள்ளியைக் கொளுத்தி, உழுது, புல் விதைத்திருந்தான்.

“சிலுவையா? சத்தியமா நான் பாக்கலைங்க, மிஸ்ஸிஸ்” என்றான். “எல்லாமே எரிஞ்சு கருகிக் கிடந்துது. தெரிஞ்சிருந்தா ஏர் ஓட்டியிருப்பேனா?”

உழுததில் மேடும் சமமாகிவிட்டிருந்தது. ஹுல்டா அரை நாள் அங்குமிங்கும் நின்று பார்த்தாள். பிறகு டக்கெட்டிடம் வந்தாள்.

“பால் கறக்க ஆள் வேணுமா?”

“அம்மா, என்ன பேசற?” ரைன்ஹோல்ட் அவள் கையைப் பிடித்து இழுத்தான். “நம்ம நிலத்துலயே இவனுக்குக் கூலி வேலை செய்யப் போறியா? அப்பா பாத்தா என்ன நினைப்பாரு?”

“அப்பா சின்சில்லால இருக்காரு. இவ இங்க இருக்கா” என்றாள்.

மகன் கோபித்துக்கொண்டு போனவன் இரண்டு வருடம் வரவில்லை. அவள் டக்கெட்டின் கொட்டகையை ஒட்டிய சிறு அறையில் தங்கிப் பால் கறந்தாள். மாடுகளை ஓட்டிவர எல்லோரும் புல்வெளியின் குறுக்கே நடப்பார்கள். அவள் மட்டும் வேலியோரமாகச் சுற்றிக்கொண்டு போவாள். மழையிலும் அப்படித்தான்.

“நேரா போனா சீக்கிரம் போயிடலாமே, மிஸ்ஸிஸ் காலிஷ்” என்று டக்கெட்டின் மனைவி ஒருநாள் கேட்டாள்.

“என் லீனா எங்க படுத்திருக்கான்னு தெரியல. மிதிச்சிடக் கூடாதில்ல” என்றாள் ஹுல்டா, வாளிகளைத் தூக்கிக்கொண்டே. மாடுகள் அந்தப் புல்லை மேய்ந்துகொண்டிருந்தன.