வீட்டு இலக்கம்

எண்பத்து மூன்று இனக்கலவரத்துக்குப் பின் மாத்தளைப் புறநகரில் ஒரு பள்ளிக்கூடம் மறுபடி திறந்த அன்று, செய்தி சேகரிக்கப் போய் அதன் அதிபரைச் சந்தித்தேன். வகுப்பில் பிள்ளைகள் உட்காரும் வாங்குகள் பாதி காலியாக இருந்தன. ஒல்லியான மனிதர், பேசும்போது பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார்.

ஒரு தாய் மகளோடு வந்தாள். "சேர், இவ பேர இடாப்புல வெட்டிருங்க. எரிக்க வந்தவங்க லிஸ்ட் பாத்துத்தான் வீடு வீடா வந்தாங்களாம்."

"வெட்டினா பிள்ளை சோதனை எழுத முடியாதும்மா."

"உசிரு இருந்தாத்தானே சேர் சோதனை?"

அதிபர் இடாப்பை விரித்து, பிள்ளையின் பெயரை விட்டுவிட்டு, வீட்டு இலக்கத்தை மட்டும் மையால் மறைத்தார். தாய் அதை உற்றுப் பார்த்தபின்தான் மகளை வகுப்புக்கு அனுப்பினாள்.

லிஸ்ட் கதை உண்மையா என்று அதிபரிடம் கேட்டேன்.

"தெரியல தம்பி. ரெண்டு வருஷம் முந்தி குடிசன மதிப்பீட்டுக்கு இந்தத் தெருவ நான்தான் எழுதினேன். எத்தனை பிள்ளைங்க, என்ன இனம்னு கேட்டேன். தேத்தண்ணி குடுத்துச் சொன்னாங்க." மூடியைக் கழற்றினார். "எரிஞ்சதும் தமிழ்னு சொன்னவங்க வீடுங்கதான்."

அவரிடம் ஆதாரம் இல்லை, எனக்கும் கிடைக்கவில்லை. ஆனால் அவர் மறைக்குமுன்பே அந்த வீட்டு இலக்கத்தை நான் வழக்கப்படி என் குறிப்பேட்டில் குறித்திருந்தேன். பஸ் ஏறுமுன் அந்தத் தாளைக் கிழித்தேன்.