மணிலாக்காரர் பேசிய ஸ்பானிஷ்

லண்டனிலிருந்து வரும் பார்சலைப் பிரித்ததும் முதலில் மூக்கில் ஏறுவது கப்பல் வாசம்தான்... நிலக்கரிப் புகையும் ஈரச் சாக்கும் கலந்த ஒரு நெடி. அதற்குள்ளே என் ஸ்பானிஷ் பாடங்கள்.

சிரிக்காதீர்கள். முப்பதுகளின் தொடக்கம் அது. பினாங்கில் சூலியா தெருவுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. எனக்குப் பெண்கள் பள்ளியில் டீச்சர் வேலை. வேலை பார்த்துக்கொண்டே தபாலில் படித்து, லண்டனில் ஒரு யுனிவர்சிட்டியின் டிகிரி பரீட்சையை இங்கிருந்தே எழுதலாம் என்றார்கள். வரலாறு எடுத்தேன். கூடவே ஸ்பானிஷ் மொழியும், அந்த மக்கள் வாழ்ந்த விதமும்.

ஏன் ஸ்பானிஷ் என்று எல்லோரும் கேட்டார்கள்...

ஒரு பாடத்தில் படித்தேன். நம் வீட்டு அம்மியில் தினமும் அரைபடும் மிளகாய் நம் ஊர்ச் சரக்கே இல்லையாம். ஸ்பானியர் போய் இறங்கிய ஏதோ ஒரு தூர தேசத்தில் விளைந்து, கப்பலேறி வந்ததாம். அன்று மீன் குழம்பைச் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு குழம்புக்குள் இத்தனை கடலா? அந்தக் கப்பல்காரர்கள் எழுதிவைத்ததை அவர்கள் மொழியிலேயே படிக்க வேண்டும் என்ற வெறி அப்படித்தான் பிடித்தது.

படித்தேன். ஆனால் ஒரு சிக்கல்... அந்த மொழியை நான் ஒரு தடவைகூடக் காதால் கேட்டதில்லை.

ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே தமிழில் எழுதி, நானாக உச்சரித்துக்கொள்வேன். ஓர் எழுத்தை ஸ்காட்லாந்துக்காரர் தொண்டையில் கரகரப்பது போலச் சொல்ல வேண்டும் என்று புத்தகம் சொன்னது. பினாங்கில் ஸ்காட்லாந்து துரைகளுக்குப் பஞ்சமில்லை. அதற்காக ஒருவரை நிறுத்தி, கொஞ்சம் கரகரத்துக் காட்டுங்கள் என்று கேட்க முடியுமா?

என் அண்ணன் சவரி துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. அவர் கேலியும், பேச்சுக்குப் பேச்சு போடும் பினாங்கு ‘லா’வும் ஓயவே ஓயாது.

"ரோசம்மா, இது நெசமாவே மனுசன் பேசுற பாஷைதானா? இல்ல லண்டன்காரன் ஒனக்குன்னே செஞ்சு அனுப்புறானா லா?"

வெளியே சிரித்துக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்கும் அதே பயம். ஸ்பானிஷையும் சேர்த்து எழுதுவதா, வரலாறு மட்டும் போதுமா என்று அந்த மாதக் கடைசிக்குள் லண்டனுக்குச் சொல்லியாக வேண்டும். மனதுக்குள் ஒரு முடிவு எடுத்தேன். நான் பேசுவது ஒரே ஒரு மனிதருக்காவது புரிந்தால் எழுதுவேன். இல்லாவிட்டால் ஸ்பானிஷை மூட்டை கட்டிவிடுவேன்.

அப்போதுதான் மாதா கோயில் திருவிழா வந்தது. மாதா சுருபம் ஊர்வலமாக வரும் பவனிக்கு மணிலாக்காரர்களின் பேண்ட். சினிமாக் கொட்டகையில் ஊமைப் படம் ஓடும்போது திரைக்குக் கீழே உட்கார்ந்து வாசிப்பவர்கள் அவர்கள்தான். அவர்கள் நாடான பிலிப்பைன்ஸை ஸ்பானியர் முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆண்டார்கள் என்று பக்கம் பக்கமாகப் படித்தவள் நான்... இவர்களில் ஒருவருக்காவது ஸ்பானிஷ் தெரிந்திருக்கும் என்று இத்தனை நாள் எனக்குத் தோன்றவே இல்லை.

பவனி முழுக்க நான் செபமாலை சொன்னதாகப் பேர். வாய்க்குள் உருட்டியது வேறு. மாதா மன்னிப்பாள்.

பவனி முடிந்ததும் அங்சானா மரத்தடியில் அவர்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தா ஒக்காந்திருக்காங்க. போய்ப் பேசிப் பாரு லா," என்றார் அண்ணன். கூடவே வந்தும் நின்றுகொண்டார்.

கிளாரினெட் வாசித்தவருக்கு முப்பது வயது இருக்கும். கைக்குட்டையால் வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் நின்று, தயார் செய்ததைச் சொன்னேன். நான் படித்ததெல்லாம் பழைய கப்பல் தலைவர்கள் ராஜாவுக்கு எழுதியவை. அதனால் என் கேள்வி தமிழில் இப்படித்தான் இருந்திருக்கும்: "மாட்சிமை பொருந்திய தாங்கள் எந்நாட்டவர்? எக்காற்று தங்களை இக்கரை சேர்த்தது?"

மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார். பிறகு கடகடவென்று பேசினார் பாருங்கள்... எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

"என்னா சொல்றாரு?"

"தெரியலண்ணே."

"அப்ப நீ என்னத்தக் கேட்ட?"

"அது தெரியும்."

திரும்பி நடக்கப் போனேன். கிளாரினெட்காரர் மலாய் மொழியில், உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். யாருமில்லை, புத்தகம்தான் என்றேன்.

வீட்டில் அம்மாவோடு மட்டும்தான் அவர் ஸ்பானிஷ் பேசுவாராம். பேண்டில் மற்றவர்களுக்கெல்லாம் வேறு மொழி. அம்மா போன பிறகு, அதில் தன்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லையாம். இன்னொரு தடவை கேளுங்கள் என்றார்.

கேட்டேன். இந்த முறை, பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது போல ஒவ்வொரு சொல்லாகப் பதில் சொன்னார்.

எங்கள் ஊர்... கடலோரம். என்னைக் காற்று கொண்டுவரவில்லை... சினிமா கொண்டுவந்தது.

முழுசும் புரிந்தது. சமையல்கட்டு மூலையில் தமிழ் எழுத்தை வைத்துக்கொண்டு நானாக முணுமுணுத்த சத்தம், முன்பின் தெரியாத ஒருவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர் சொன்னது என்னிடம் வந்திருக்கிறது. நடுவில் எத்தனை கடல், எத்தனை ராஜாக்கள்... கோயிலுக்குள் போய் முழங்காலில் நின்றேன். செபம் ஒன்றும் வாயில் வரவில்லை.

மறுநாளே லண்டனுக்கு எழுதிப் போட்டேன், ஸ்பானிஷையும் சேர்த்து. தேறவும் செய்தேன். அதற்குள் பேசும் படம் வந்து, கொட்டகையில் வாத்தியத்துக்கு வேலையில்லாமல் போய், பேண்ட்காரர்கள் ஊருக்குக் கப்பலேறிவிட்டார்கள். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் ஒரு பெண் அதையெல்லாம் கேட்கவும் மாட்டாள்.

நாற்பது வருஷம் ஓடிவிட்டது. இன்று என் தங்கை பேத்தி இங்கே பினாங்கிலேயே, கெலுகோர் யுனிவர்சிட்டியில் படிக்கிறாள். அவளும் ஸ்பானிஷ் எடுத்திருக்கிறாளாம். காதில் எதையோ மாட்டிக்கொண்டு பொத்தானை அமுக்கினால் மட்ரிட்காரர் பேசுகிறார், எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காமல்.

"கேளுங்க பாட்டி, எவ்ளோ கிளியரா இருக்கு," என்று போன வாரம் எனக்கும் மாட்டிவிட்டாள்.

அருமைதான். அன்று இது இருந்திருந்தால் நான் அத்தனை பயந்திருக்க வேண்டாம்.

ஆனால் அந்தப் பழைய கப்பல் தலைவர்கள் எழுதியதை இன்று எடுத்துப் படித்தாலும் எனக்கு மட்ரிட் குரல் வருவதில்லை. கப்பல் தலைவர், சாமியார், ராஜா, ராணி... எல்லோரும் அந்த மணிலாக்காரர் குரலில்தான் பேசுகிறார்கள். எனக்குப் புரிய வேண்டுமே என்று, மெதுவாக.