மஞ்சள் கவுன் போட்ட பொம்மை

இரண்டு கையையும் மெல்ல வளைத்துக் கவுனுக்குள் நுழைக்கிறார். கழுத்துப் பொத்தானைப் போடுகிறார். சுருக்கத்தை நீவிவிட்டு, "ம், கிளம்பு" என்கிறார். இத்தனையும் ஆறு வயதுப் பிள்ளை உயரத்தில் நிற்கும் பஞ்சுப் பொம்மையிடம்.

கார் சோதனைத் திடலில் இவருக்குப் பெயர் பொம்மைக்காரர். பொம்மையைச் சக்கரப் பலகையில் நிறுத்தி, வண்டி வரும் நேரம் பார்த்துக் கயிற்றால் குறுக்கே இழுப்பது வேலை. ஓட்டுகிறவன் நான். என் வேலை இன்னும் சுலபம், பிரேக்கில் கால் வைக்கக் கூடாது. கண்ணாடிக்குப் பின்னாலிருக்கும் கேமராவும் முன்பக்கத்து ரேடாரும் குறுக்கே வரும் ஆளைப் பார்த்து, தூரத்தையும் வேகத்தையும் கணக்குப் போடும். முதலில் பீப் என்று கத்தும். நான் அசையாவிட்டால் வண்டியே பிரேக் பிடிக்கும்.

எந்த உடுப்பில் வந்தாலும் வண்டிக்கு ஆள் தெரிய வேண்டும். அதனால் பொம்மைக்கு விதவிதமாக மாட்டுவோம். மஞ்சள் கவுன் இவர் மகளுடையது. இடுப்போரம் மைக்கறை. "பள்ளிக்கூடத்துல மொத நாள். பேனாவ மூடாம பாக்கெட்ல போட்டுட்டா கழுதை." பத்து வருடமாக அதே சிரிப்பு.

அப்போதெல்லாம் பாதி வண்டி நிற்காது. பொம்மை பறக்கும். சாயங்காலம் அவர் கையில் ஊசி நூல், என் கையில் டீ. தைத்துக்கொண்டே மகள் கதை சொல்வார். வண்டிகள் தேறிவிட்டன, தையல் குறைந்துவிட்டது, கதையும் கூடவே போய்விட்டது.

ஆனால் தாழ்ந்த வெயில் கேமராவின் கண்ணில் அடித்தாலோ, சேறு அப்பினாலோ, வேகம் ஏறினாலோ இன்றைக்கும் சந்தேகம்தான். சந்தேகமான ஓட்டம் என்றால், அன்றும் சரி இன்றும் சரி, கவுனைக் கழற்றித் தன் பழைய சட்டையைப் பொம்மைக்கு மாட்டுவார். "அடிபட்டா நான் பட்டுக்குறேன்." கவுன் மேல் ஒரு வண்டியும் பட்டதில்லை.

நேற்று மகள் அவரை அழைத்துப்போகப் புது வண்டியில் வந்தாள். ஒரு கண் போனில் இருக்க, வாசலுக்குள் திருப்பினாள்.

"ரோட்டப் பாரும்மா."

"அதுவே நிக்கும்பா. இத்தன வருஷமா சோதிச்சது நீங்கதானே? உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?" பொம்மையைப் பார்த்ததும் சிரித்தாள். "அய்யே, இன்னுமா என் கவுன வெச்சிருக்கீங்க!"

கடைசி ஓட்டம் பாக்கி, வெயில் நேர் எதிரே. கையிலிருந்த பழைய சட்டையை அவர் மடித்து, பக்கத்துக் கம்பியில் போட்டார்.

"அண்ணே, சட்டைய மாத்தலயா?" என்றேன்.

"நீ ஓட்டு. கால மட்டும் வெச்சுடாத."

பீப் கேட்டது. பிரேக்கும் பிடித்தது. ஆனால் பிந்திப் பிடித்தது. பொம்மை பானெட்டில் மோதி, ஓரத்து மண்ணில் போய் விழுந்தது.

"அப்பா!" மகள் ஓடி வந்தாள். போனை எங்கே போட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

அவர் திரும்பவில்லை. பொம்மையைத் தூக்கி நிறுத்தினார். குனிந்து, அதன் முழங்காலில் ஒட்டிய மண்ணை மெல்லத் தட்டிவிட்டார்.