சுண்ணாம்பு வைத்த செடிகள்

எண்பதுகளில் நான் படித்த கல்லூரியில், கடைசி வருஷம் நாமே ஒரு தலைப்பை எடுத்து ஆராய்ந்து எழுத வேண்டும். அதில் தேறாவிட்டால் பட்டம் கிடையாது. எங்கள் வீடு ஏற்காட்டுக் கடைவீதியில் இருந்ததால் காப்பிச் செடியை எடுத்துக்கொண்டேன். தண்டைத் துளைக்கும் புழு விழுந்தால் செடியை வேரோடு பிடுங்கி எரிப்பதுதான் எஸ்டேட் வழக்கம். எரிக்காமல் விட்டாலும் பாதி பிழைக்கும் என்று எனக்கு ஒரு வீம்பு. அதை நிரூபித்துக் காட்டக் கங்கணம் கட்டிக்கொண்டேன்.

நாகலூர் எஸ்டேட் ஒன்றில் கணக்கெழுதும் ரைட்டர், புழு விழுந்த செடிகள் உள்ள ஓர் ஓரத்தை எனக்கு விட்டுத் தந்தார். சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்துப் போய்ப் பார்ப்பேன். அடையாளத்துக்குக் கட்டிய துணிகள் மழையில் இற்றுப்போயின. சரியென்று எல்லாச் செடிக்கும் அடித்தண்டில் சுண்ணாம்பு பூசிவிட்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை தூரத்திலேயே கடப்பாரைச் சத்தம் கேட்டது. ஆட்கள் என் செடிகளைக் குத்திக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். வேர்கள் எலும்பு முறிவதுபோல் முறிந்தன. பச்சைக் காயோடு கிளைகள் சேற்றில் மிதிபட்டன. பக்கத்தில் தீ எரிந்தது. எனக்குக் கண்மண் தெரியவில்லை. ஓடிப்போய், அவர்களை வேலை வாங்கிக்கொண்டிருந்த கங்காணியின் அருவாளைப் பிடித்து இழுத்தேன். உள்ளங்கை கிழிந்து ரத்தம் கொட்டியது.

"ஏங்கண்ணு, கிறுக்கா புடிச்சிருக்குது?" என்று அவர் என்னைத் தள்ளிவிட்டார். "சுண்ணாம்பு வெச்ச செடியப் புடுங்கோணும்னுதான எங்களுக்கு உத்தரவு?"

"அது நான் வெச்சதுங்க!"

"நீ எதுக்குச் சாமி வெச்ச?"

ஆத்திரத்தில் ஒரு மண்கட்டியை எடுத்து அவர்மேல் வீசினேன். பிறகு தீக்குள் கைவிட்டுத் தண்டுகளை இழுத்துப் போட்டேன். தோல் வெந்தது. அவர் கீழே போட்ட அருவாளால் ஒவ்வொரு தண்டாகப் பிளந்தேன், என்னையே வெட்டிக்கொள்வதுபோல.

பாதிக்கு மேல் தண்டுகளில் துளைகள் மூடியிருந்தன. புழு உள்ளேயே எப்போதோ செத்துக் காய்ந்து கிடந்தது. அந்தச் செடிகள் பிழைத்திருக்கும். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

கங்காணி ஒரு தண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "நொம்பப் பாவந்தான்" என்று அதை மறுபடி தீயில் போட்டார்.

புழு விழுந்தாலும் பாதிச் செடி தானே பிழைக்கும் என்று எழுதி முடித்தேன். ஆசிரியர் படித்துவிட்டு, "அப்படிப் பிழைத்த ஒரு செடியைக் காட்டு" என்றார். கட்டுப் போட்ட கையால் பையைத் திறந்து, பிளந்த கரிக்கட்டை ஒன்றை எடுத்து அவர் மேசைமேல் வைத்தேன்.