அத்தையின் பெட்டி செய்த தப்பு

அந்த வருஷத் திருவிழாவில் எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு சிவப்பு பல்பு.

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. ஏறிப்போகிற படிக்கட்டின் ஓரமாக அப்பா முந்தின நாளே சீரியல் பல்பு கட்டியிருந்தார். காலையில், சுவிட்ச் போடாத நேரமாகப் பார்த்து, நடுவில் இருந்த ஒரு சிவப்பு பல்பை உருவிக்கொண்டேன். இடம் காலியாக இருந்தால் தெரிந்துவிடும் என்று, அப்பா ஒதுக்கிவைத்திருந்த டப்பாவிலிருந்து வேறொன்றை எடுத்துச் செருகினேன். ஒதுக்கியவை எல்லாம் பியூஸ் போனவை என்பதும், ஒன்று எரியாவிட்டால் அந்த வரிசையே எரியாது என்பதும் ஒன்பது வயதில் எனக்குத் தெரியாது.

சாயங்காலம் அப்பா சுவிட்சைப் போட்டார். ஒரு பல்பும் எரியவில்லை. மூடுபனி வேறு இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் சாமியைத் தோளில் சுமந்துகொண்டு அந்தப் படிகளில்தான் இறங்கவேண்டும். கம்போங் ராஜா டவுனுக்குக் காய்கறி லோரி ஓட்டும் மாமா, கீழிருந்து ஒவ்வொரு பல்பாகக் கழற்றி, நல்லதை மாட்டிப் பார்க்கத் தொடங்கினார். ஈரத்தில் இறுகிப்போன பல்புகள் லேசில் கழலவில்லை.

அப்போது அத்தை வந்தார். அப்பாவின் தங்கை. பினாங்கில், மின்சாரத்தை அளக்கும் கருவிகள் செய்கிற தொழிற்சாலையில் வேலை. சர்க்யூட் வரைகிறாள் என்று வீட்டில் சொல்வார்கள். பூக்கோலம் மாதிரி ஏதோ வரைகிறார் என்று நான் நினைத்திருந்தேன். லீவுக்கு வரும்போது தானே செய்த ஏதாவது ஒரு பெட்டி அவர் பையில் இருக்கும். இந்த முறை சோப்பு டப்பா அளவில் ஒன்று. வயரைத் தொடவே வேண்டாம், பக்கத்தில் காட்டினால் போதும். கரண்ட் வந்திருக்கிற இடம் வரைக்கும் கீயென்று பாடும். தடைப்பட்ட இடத்தில் வாயை மூடிக்கொள்ளும். திங்கட்கிழமை தொழிற்சாலைப் பெரியவர்கள் முன்னால் அதை வைக்கப்போவதாக அப்பாவிடம் சொன்னார்.

"பாட்டுப் பாடித்தான் பல்பு தேடணுமா லா?" என்றார் லோரி மாமா.

அத்தையோ, சின்னப் பிள்ளையும் இதை வைத்துக் கண்டுபிடிக்கும் என்று காட்ட, பெட்டியை ஒரு பிள்ளையிடம் கொடுத்தார். அங்கே அத்தனை பிள்ளைகள் நின்றிருக்க, என்னிடம்.

பெட்டி பாடப் பாட நான் படியேறினேன். நான் பல்பை உருவிய இடம் நெருங்கிக்கொண்டிருந்தது. பல்பைக் கண்டுபிடிக்கிற பெட்டி, எடுத்த ஆளையும் சொல்லிவிடும் என்று நிச்சயமாக நம்பினேன். இன்னும் பத்துப் படி இருக்கும்போதே, வயரை விட்டுக் கையை மெல்ல மேலே தூக்கினேன். பாட்டு நின்றது.

அங்கேதான் என்றார் அத்தை. மாமா அந்த பல்பை மாற்றினார். எரியவில்லை. யாரோ சிரித்தார்கள். மாமா மறுபடியும் கீழே போய், விட்ட இடத்திலிருந்து தன் வேலையைத் தொடர்ந்தார்.

அத்தை படியில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு அப்பாவிடம் தணிந்த குரலில், "திங்கக்கெழம வேணாண்ணே. இது இன்னும் சரியா வரல," என்றார்.

அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. அப்பா நகர்ந்ததும் பக்கத்தில் போய், சிவப்பு பல்பை அவர் மடியில் வைத்து, கையைத் தூக்கியது வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எவ்ளோ ஒசரம் தூக்குன? அதே மாதிரி காட்டு."

காட்டினேன். வயருக்கும் பெட்டிக்கும் நடுவே அத்தை விரலால் சாண் போட்டு அளந்தார். இறக்கச் சொன்னார், திரும்பத் தூக்கச் சொன்னார். திருடியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் முகமோ சர்க்கரைப் பொங்கலைக் கண்ட பிள்ளையின் முகம் மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. அப்புறம் தானே ஏறிப்போய், நான் எடுத்த இடத்திலேயே சிவப்பு பல்பை மாட்டினார். படிக்கட்டு முழுவதும் ஒரே வீச்சில் எரிந்தது. உறுமி மேளச் சத்தம் எழும்பியது.

என்னதான் ஆச்சு என்று அப்பா கேட்டார்.

"பெட்டியிலதாண்ணே தப்பு," என்றார் அத்தை. "சரி பண்ணிடலாம்."

சாமி இறங்கும்போதுகூட அர்ச்சனைச் சீட்டின் பின்பக்கத்தில் எதையோ கிறுக்கிக்கொண்டே நடந்தார். அடுத்த வருஷம் அந்தப் பெட்டிக்குள் கரண்டை உணர்கிற தகடு ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. இரண்டும் உணர்வதை ஒப்பிட்டு, கை வயரை விட்டு விலகினால் மஞ்சள் விளக்கு காட்டும். மௌனமாக இருந்து ஆளை ஏமாற்றாது. தொழிற்சாலை அந்தச் சர்க்யூட்டை அத்தையின் பெயரில் புதிய கண்டுபிடிப்பாகப் பதிவு செய்தது. ஒன்பது வயதுப் பிள்ளையின் கை ஏமாற்றிவிடக்கூடிய கருவியில் தப்பு இருக்கிறது என்று அத்தை உண்மையாகவே நினைத்திருக்கிறார்.

அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. என்னைக் காப்பாற்ற அத்தை கோயில் வாசலிலேயே பொய் சொல்லிவிட்டார் என்று பயந்து, அவர் முந்தானையைப் பிடித்தபடி, அவரை மன்னித்துவிடும்படி அம்மனிடம் கெஞ்சிக்கொண்டே நடந்தேன்.