வாடிவீடும் வாடியும்

“கொப்பருக்குக் கைநாட்டு. நீ ஊரை எழுதப் போறியோ, பிள்ளை?”

ஆட்களைக் கணக்கெடுக்கும் குடிசன மதிப்பு வேலைக்கு என் பெயர் வந்த அன்று, எங்கள் பகுதியின் அரசாங்கத் தலைமைக்காரரான விதானையார் கேட்டது இது.

ஓம், அப்பா கைநாட்டுத்தான். முள்ளியவளையில் வயல் செய்கிறவர். எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் ஆள் நான். அதனால்தான் விதிப்புத்தகத்தை ஒரு வரி விடாமல் படித்தேன். விதானையார் படித்தாரா… தெரியாது.

எனக்குக் கிடைத்தது முல்லைத்தீவுக் கடற்கரை. கத்தோலிக்க மீனவர், முஸ்லிம் கடைக்காரர், காற்று வாங்க வந்து அரசாங்க விடுதியான வாடிவீட்டில் தங்கியிருந்த கொழும்புத் துரைமார் — எல்லாரையும் எழுதினேன். மிஞ்சியவை மணலில் ஓலைக் குடில்கள். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களுக்கு நீர்கொழும்பிலிருந்து வந்து மீன் பிடிப்பவர்களின் வாடிகள்.

ஒரு வாடி வாசலில் மக்தலேனா அக்கா கருவாடு காயவிட்டுக்கொண்டிருந்தார்.

“சொந்த ஊர் எது, அக்கா?”

“வாடைக்கு நீர்கொழும்பு. சோளகத்துக்கு இங்க.”

“இனம்?”

சிரித்தார். “செபம் தமிழில. ஏச்சு சிங்களத்தில. நீங்களே சொல்லுங்க.”

அச்சடித்த கட்டத்துக்குள் அந்தப் பதில் அடங்கவில்லை. ஓரத்தில் எழுதினேன்.

“இவளையும் எழுதுங்க” என்று, பிறந்து பத்து நாளான மகளைக் காட்டினார். “குடிக்கிற தண்ணிக்கு ஒரு மைல் நடக்கிறம். கிணறு கேட்டா, அங்க ஆளே இல்லை எண்டு சொல்லுறாங்க.”

மறுநாள், வேலைக்கு மேற்பார்வையாளரான விதானையார் என் தாள்களைப் புரட்டினார்.

“வாடியளை வெட்டு. காத்தோடை வந்து காத்தோடை போற சனம்.”

“வாடிவீட்டுத் துரைமார்?”

“அவை பெரிய மனிசர், இருக்கட்டும்.”

“அவை ரெண்டு நாள். இவை ஆறு மாதம். கணக்கெடுக்கிற அண்டைக்கு ஆர் எங்கை தங்கியிருக்கினமோ, அங்கைதான் எழுத வேணும் எண்டு புத்தகத்திலை கிடக்கு, விதானையார்.”

“எனக்குப் படிப்பிக்கிறியோ?”

சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்துவிட்டார்.

வாடியோடு ‘வீடு’ சேர்ந்தால் மனிதர். சேராவிட்டால் காற்றா? நம் ஊர்களில் யார் யார் வாழ்கிறார்கள் என்பதை இப்படித்தான் பென்சில்கள் தீர்மானிக்கின்றன போலும். கடலுக்குத் தெரியும் ஆட்களைக் காகிதத்துக்குத் தெரியாது.

அவர் வெட்டிய பெயர்களையெல்லாம் புதுத் தாளில் திரும்ப எழுதினேன். முதல் வரியில் அந்தப் பத்து நாள் குழந்தை. அடியில் என் முழுக் கையெழுத்து.

இந்தப் பத்தியை, மாவட்ட அரசாங்க அலுவலகமான வவுனியாக் கச்சேரியில், வாசல் வாங்குப் பலகையில் இருந்து எழுதுகிறேன். தாள்களை உள்ளே கொடுத்தாயிற்று. “விதானையாரிட்டைக் கேட்டுச் சொல்லுறம், நாளைக்கு வாங்கோ” என்றார் எழுதுவினைஞர்.

“இங்கையே இருக்கிறன், ஐயா” என்றேன்.