அன்னக்கூடைத் தாளம்

என் மகள் ஒரு ஃபங்க் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசித்துப் பாடுபவள். டிரம்மர் டேவிட் நான்கு முறை குச்சி தட்டினால்தான் பாட்டைத் தொடங்குவாள். சுற்றுப்பயணத்தின் நடுவே டேவிட் விபத்தில் இறந்தான். அடுத்த இரண்டு ஊர்களிலும் அவளால் தொடங்கவே முடியவில்லை.

“நம்மூர்லயும் முடியலன்னா கிட்டார வித்துடறேம்பா” என்றாள்.

புதுச்சேரி கடற்கரை மேடைக்குக் காவல்துறை, நகராட்சி, தீயணைப்பு என எல்லா அனுமதியும் நானே வாங்கினேன். ஓய்வுபெற்ற அதிகாரி ஆயிற்றே, ஒரு முத்திரை குறையவில்லை. புது டிரம்மர் தட்டினான். மகள் அசையவில்லை. மறுபடி தட்டினான். அவள் கிட்டார் வாரை இழுத்துச் சரிசெய்தாள். இதற்கு எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது என்று தெரியாமல், அனுமதிக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு செத்துக்கொண்டிருந்தேன்.

பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு, காலி அலுமினிய அன்னக்கூடையோடு கூட்டத்தில் நின்ற ஒரு பெண்மணி கத்தினார்: “யம்மாடி, பாடுறியா இல்லியா? பிள்ளைச்சாவடி பஸ்ஸு பூடும்!”

மகள் மைக்கிலேயே சொன்னாள்: “தட்டுற ஆளு செத்துட்டாங்க்கா.”

அவர் அன்னக்கூடையைக் கவிழ்த்தார். “நான் தட்டுறேன். நீ பாடு கண்ணு.”

அவர் தட்டியது எந்தத் தாளத்திலும் சேராது. மகள் அழுதுகொண்டே சிரித்தாள். அந்தத் தப்புத் தாளத்தோடே தொடங்கினாள். பஸ் போய்விட்டது. அவர் கடைசிப் பாட்டுவரை தட்டினார்.

என் அனுமதிக் கடிதத்தின் வாத்தியப் பட்டியலில் அன்னக்கூடை கிடையாது. அது எனக்கு உறைத்ததே வீடு திரும்பிய பிறகுதான்.